வெர்ன் எழுதாமல் விட்ட செய்தி

வெர்ன் யெலினெக் பஃபலோ பேஸ்பால் அணியின் பின்னால் அலையத் தொடங்கி இருபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. பிப்ரவரியில் ஃப்ளோரிடாவில் பயிற்சி ஆரம்பிக்கும்போது பெட்டியைக் கட்டுவார். அக்டோபரில்தான் அதை முழுசாகப் பிரிப்பார். நடுவில் நூற்று அறுபத்திரண்டு ஆட்டம், அதில் பாதி வெளியூரில். எந்த ஊர் விடுதியில் தலையணை சரியில்லை, எந்த மைதானத்தில் நிருபர்களுக்குப் போடும் சூப் வாயில் வைக்க விளங்காது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அறுபத்தொரு வயதில் வலது முட்டி தேய்ந்துபோய், படி இறங்கும்போது ஒவ்வொரு படியையும் மனதுக்குள் திட்டிக்கொண்டு இறங்குவார்.

பள்ளி நாளில் நன்றாகப் பந்து எறிந்தவர்தான். பதினேழு வயதில் தோள்பட்டை போயிற்று. உள்ளூர் நாளிதழில் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூட ஆட்டங்களின் ஸ்கோரை எழுதிக்கொள்ளும் வேலை கிடைத்தது. அங்கிருந்து படிப்படியாக ஏறி, முப்பத்து மூன்று வயதில் பஃபலோ அணியின் நிருபர் ஆனார். அதற்கு மேல் ஏற எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் அவர் ஏறியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

மனைவி லுவேன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து போகும்போது, இவர் வந்து படுத்து மூன்று மணி நேரம்கூட ஆகியிருக்காது. "நம்ம கல்யாணம் நெலைச்சதுக்குக் காரணமே சண்டை போட நேரம் கெடைக்காததுதான்" என்பாள்.

நாளிதழ் தன் அச்சகத்தை மூடிவிட்டு, மூன்று மணி நேரத் தொலைவில் இன்னொரு ஊரில் அச்சடிக்கத் தொடங்கியபோதுதான் வெர்னின் வேலை பாதி அர்த்தம் இழந்தது. சாயங்காலம் ஐந்தேகாலுக்கு மேல் நடந்த எதுவும் மறுநாள் தாளில் வராது. ஆட்டங்களோ பெரும்பாலும் ஏழு மணிக்கு ஆரம்பிப்பவை. அவர் எழுதியதைக் கைப்பேசியில் படிக்கிறவர்கள் படித்தார்கள். தாளை மட்டும் நம்பி இருந்த கிழவர்களுக்கு முந்தின நாள் ஆட்டத்தின் முடிவே தெரியாமல் போயிற்று.

அப்படி ஒரு கிழவர்தான் ஸிக்மண்ட் ரோபல். லாக்கவானா உருக்காலையில் முப்பத்தேழு வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எண்பத்தேழு வயது. தாள் அலுவலகத்துக்கு ஒருநாள் போன் செய்து எல்லாரையும் கிழித்துத் தோரணம் கட்டியதில், யாரோ பயந்துபோய் வெர்னின் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஆட்டம் நடந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெர்னின் கைப்பேசி அடிக்கும்.

"சொல்லுய்யா" என்பார் கிழவர். வணக்கம் கிடையாது.

வெர்ன் கண்ணைத் திறக்காமலே படுத்தபடி ஆட்டத்தின் கணக்கை வாசிப்பார். யார் எத்தனை முறை அடிக்க நின்றான், எத்தனை அடித்தான், எத்தனை ரன். மறுமுனையில் பென்சில் உரசும் சத்தம் கேட்கும்.

"டில்லரி?"

"நாலுக்கு ஒண்ணு."

"அந்தப் பயலுக்கு வயசாயிடுச்சு. கெளம்பச் சொல்லு."

"முப்பத்தஞ்சுதான் ஐயா ஆகுது."

"எங்க ஆலையில முப்பத்தஞ்சு வயசுல ஒருத்தன் ரெண்டு ஷிஃப்ட் பாப்பான். சரி, அடுத்தவன்?"

இது இரண்டு வருஷமாக நடந்தது. இதை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று வெர்ன் எத்தனையோ முறை நினைத்திருக்கிறார். சொல்லவில்லை. தான் எழுதியதை ஒருவர் பென்சிலால் நோட்டில் ஏற்றிக்கொள்கிறார் என்பதில் ஏதோ ஒரு சின்ன ஆறுதல் இருந்திருக்கலாம்.

அந்த வருஷம் பஃபலோ அணி யாரும் எதிர்பாராத விதமாக நன்றாக ஆடியது. செப்டம்பர் நடுவிலேயே, அக்டோபரில் நடக்கும் பிளேஆஃப் என்ற இறுதிச் சுற்று ஆட்டங்களுக்குள் நுழைந்துவிடும் என்று தெரிந்துபோயிற்று. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு. கசாப்புக் கடைக்காரர்கள் கண்ணாடியில் அணியின் கொடியை ஒட்டினார்கள். தேவாலயத்தில் பாதிரியார் பிரசங்கத்தைப் பத்து நிமிஷம் சுருக்கினார்.

வேட் டில்லரி அந்த அணியின் மூன்றாம் பேஸ்காரன். களத்தின் அந்த மூலைக்கு வரும் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிவது அவன் வேலை. கென்டக்கி மலைப் பக்கத்து ஆள். பதினான்கு வருஷமாக ஆடுகிறான், ஒரு அக்டோபர்கூட ஆடியதில்லை. ஊர் ஊராக மாற்றி மாற்றி ஆடி, எங்கே போனாலும் அவன் போன அணி தோற்றுக்கொண்டே இருந்தது. அதிகம் பேசமாட்டான். பேசினால் பொய் சொல்லமாட்டான். அதனால் நிருபர்களுக்கு அவனைப் பிடிக்கும்.

செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி, டெட்ராய்ட்டில் ஒரு விடுதி. முந்தின நாள் கிளீவ்லாந்தில் ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் பதினான்கு வரை இழுத்து, வெர்ன் காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்து இரண்டு மணி நேரம்தான் தூங்கியிருந்தார். காலைச் சாப்பாட்டு அறையில் முட்டையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேஜையில் ஏதோ உடைந்தது. வேட் டில்லரி காபிக் கோப்பையைத் தவறவிட்டிருந்தான். குனிந்து துண்டுகளை இடது கையால் பொறுக்கினான். வலது கையை மடியில் வைத்து, மோதிர விரலையும் சுண்டு விரலையும் பிசைந்துகொண்டே இருந்தான்.

வெர்ன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் எதிரே உட்கார்ந்தார். நிருபரின் பழக்கம். தூக்கத்திலும் கால் தானாகப் போகும்.

"கைக்கு என்ன?"

வேட் சுற்றும் முற்றும் பார்த்தான். "நமக்குள்ள இருக்கட்டுமா?"

வெர்ன் முட்டையில் உப்பைத் தூவிக்கொண்டிருந்தார். தலை கனத்தது. "ம்… நமக்குள்ள" என்றார்.

அவ்வளவுதான். ஒரு நிருபர் தன் வாழ்நாளில் ஆயிரம் தடவை சொல்கிற வார்த்தை. சொல்லும் முன் ஒரு கணம் யோசிக்க வேண்டும் என்று அவரே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

"இந்த ரெண்டு விரலும் மரத்துப் போச்சு" என்றான் வேட். "ஆகஸ்ட்லேர்ந்து. முழங்கைல நரம்பு எங்கயோ மாட்டிக்கிச்சுன்னு நெனைக்கிறேன். சில நாள் நல்லா இருக்கும். சில நாள் பந்து கைல இருக்கா இல்லையான்னே தெரியாது."

வெர்னுக்கு அப்போதுதான் தூக்கம் கலைந்தது. "அணி டாக்டர்கிட்டக் காட்டினியா?"

"காட்டினா ஒக்கார வச்சுருவாங்க."

"வச்சாத்தான் என்ன?"

"பதினாலு வருஷம் வெர்ன். ஒரே ஒரு அக்டோபர்." அவன் விரல்களைப் பார்த்தபடியே பேசினான். "நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல? என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது."

"நான் கேட்டிருக்கவே கூடாது" என்றார் வெர்ன்.

"கேட்டுட்டீங்களே" என்று வேட் சிரித்தான். அவன் சிரித்து வெர்ன் அதிகம் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அந்த இரண்டு விரல்கள் வெர்னின் தலைக்குள் குடியேறிவிட்டன. மூன்றாம் பேஸ் பக்கம் பந்து உருளும்போதெல்லாம் பத்திரிகையாளர் மாடத்தில் அவர் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். வேட் எடுத்து எறிவான். பந்து ஒழுங்காகப் போய்ச் சேரும். வெர்ன் மூச்சை விடுவார். மூன்று வாரத்தில் ஒரு தவறுகூட நடக்கவில்லை. நரம்பு தானாகச் சரியாகியிருக்கும் என்று நம்ப ஆரம்பித்தார். களைத்த மனசுக்கு எது சௌகரியமோ அதை நம்புவதுதானே வழக்கம்.

பாஸ்டனோடு ஐந்து ஆட்டத் தொடர். மூன்று ஜெயிக்கிறவர்கள் மேலே போவார்கள். ஆளுக்கு இரண்டு ஜெயித்து, ஐந்தாவது ஆட்டம் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குப் பஃபலோவில் என்று முடிவாயிற்று.

அன்று காலை ரோபல் போன் செய்தபோது குரலில் ஒரு மிடுக்கு இருந்தது. "மத்தியான ஆட்டம். அப்போ நாளைக்குப் பேப்பர்லயே வந்துரும், இல்ல?"

"வந்துரும் ஐயா. நீங்க என்னை எழுப்ப வேண்டியதில்லை."

"நீ நல்லா எழுது. கிறுக்கி வைக்காத. எனக்கு எண்பத்தேழு வயசு. நறுக்கி வச்சுக்குவேன்."

ஏரிக் காற்று சில்லென்று அடித்த தெளிவான மதியம். நாற்பதாயிரம் பேர். பத்திரிகையாளர் மாடத்தில் பாஸ்டனிலிருந்தும் தொலைக்காட்சிகளிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்ததில், வருஷம் முழுக்கத் தான் உட்காரும் இடம் போய், வெர்ன் ஒரு தூணின் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஆறாவது இன்னிங்ஸில் வேட் வலது கையை உதறிக்கொண்டதைப் பார்த்தார். வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. பார்த்திருந்தாலும் குளிர் என்று நினைத்திருப்பார்கள்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். பஃபலோ மூன்றுக்கு இரண்டு என்று முன்னால் இருந்தது. பாஸ்டனுக்கு இரண்டு பேர் அவுட். இன்னும் ஒரே ஒருவன் போனால் பஃபலோவுக்கு வெற்றி. ஆனால் இரண்டாம் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் அவர்கள் ஆள் நின்றார்கள். ஜனம் முழுக்க எழுந்து நின்றது. வெர்ன் ஏற்கெனவே ஜெயித்ததாக ஒரு பாதியும் தோற்றதாக ஒரு பாதியும் எழுதி வைத்திருந்தார், நேரம் நான்கேகால்.

பாஸ்டன்காரன் அடித்தான். பந்து தரையில் இரண்டு துள்ளு துள்ளி நேராக வேட் டில்லரியின் கைக்கு வந்தது. பள்ளிப் பையன்கூட விடமாட்டான், அப்படிப்பட்ட பந்து. வேட் அழகாக எடுத்தான். முதல் பேஸைப் பார்த்து நிமிர்ந்தான். எறிந்தான்.

பந்து முதல் பேஸில் நின்றவனின் தலைக்கு மேலே நான்கு அடி உயரத்தில் போயிற்று. போய்ச் சுவரில் மோதி எங்கோ உருண்டது. இரண்டு பேர் ஓடி வந்து சேர்ந்தார்கள். நாலு, மூணு. நாற்பதாயிரம் பேர் இருந்த இடத்தில் கொடிக் கயிறு கம்பத்தில் தட்டும் சத்தம் கேட்டது. பஃபலோவின் கடைசிப் பாதியில் மூன்று பேரும் வந்த வேகத்தில் அவுட். வருஷம் முடிந்தது.

வேட் எறிந்த இடத்திலேயே நின்று தன் கையைப் பார்த்ததை வெர்ன் பார்த்தார். தோற்றதாக எழுதி வைத்திருந்த பாதியைத் திறந்தார். விரல்கள் தட்டச்சு செய்தன. எழுதியிருந்தால்? செப்டம்பர் இருபதாம் தேதியே எழுதியிருந்தால், அந்த இடத்தில் இன்று வேறொருவன் நின்றிருப்பான். பந்து போய்ச் சேர்ந்திருக்கும். அல்லது அவன் நழுவவிட்டிருப்பான். யார் கண்டது? ஆனால் அந்த "யார் கண்டது" என்பது அவருக்கே ஒப்பவில்லை.

உடைமாற்றும் அறைக்குள் நிருபர்களை விட்டபோது, வேட் சீருடையைக்கூடக் கழற்றாமல் தன் அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தான். ஓடி ஒளிகிற ஆள் இல்லை. முப்பது ஒலிவாங்கிகள் முகத்துக்கு நேரே நீண்டன.

"என்ன ஆச்சு வேட்?"

"சரியா எறியல."

"சூரியன் கண்ணுல பட்டுதா?"

"இல்ல."

"கை வழுக்கிச்சா?"

"இல்லங்க. சுலபமான பந்து. நான் கெடுத்தேன். இந்த ஊருக்கு என்ன சொல்றதுன்னு தெரியல." ஒலிவாங்கிகளுக்கு மேலாக அவன் கண் ஒரு கணம் வெர்னிடம் வந்து நின்று போயிற்று.

கூட்டம் அணியின் பந்தெறியாளனைத் தேடி நகர்ந்த பிறகு வெர்ன் மட்டும் நின்றார். பக்கத்து அலமாரியில் யாரோ முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெர்ன் குரலைத் தணித்தார்.

"வேட், நான் எழுதட்டுமா? நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஜனங்களுக்குக் காரணம் தெரியட்டும்."

"காரணமா?" என்றான் வேட். "கைல ரெண்டு விரல் மரத்திருக்குன்னு தெரிஞ்சும் நின்னேன்னு எழுதுவீங்க. அது காரணமா, குத்தமா?"

வெர்ன் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

"வேண்டாம். நமக்குள்ளன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

மணி ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. வெர்ன் மாடத்துக்குப் படியேறிப் போய் மீதியை எழுதி முடித்தார். எறிந்தான், தவறியது, தோற்றது. இரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவர் எழுதிய ஆட்டம் மறுநாள் தாளில் முதல் பக்கத்தில் வந்தது. அவர் அதைப் படிக்கவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கைப்பேசி அடித்தது.

"எழுப்ப வேண்டாம்னு சொன்னேனே ஐயா."

"பேப்பர் வந்துச்சு. படிச்சேன்" என்றார் ரோபல். "என்னய்யா எழுதியிருக்க? அந்தத் தடியனைப் பூப்போல தடவிக் குடுத்திருக்க? 'பந்து உயரே போனது'ன்னு. தானாப் போச்சா? றெக்கை மொளச்சுதா?"

"நடந்ததைத்தான் எழுதினேன்."

"என் பொண்டாட்டி இருந்திருந்தா உன்னைவிட நல்லா எழுதியிருப்பா. அவளுக்கு எழுத்தே தெரியாது. நறுக்கலை. குப்பையில போட்டேன்." வைத்துவிட்டார்.

குளிர்காலம் முழுக்க ஊர் வேட் டில்லரியைத் தின்றது. வானொலியில், மதுக்கடையில், முடிவெட்டும் கடையில் வேறு பேச்சு இல்லை. பனி தள்ளும் வண்டி தவறான தெருவுக்கு வந்தால், "டில்லரி எறிஞ்ச மாதிரி வந்திருக்கான்" என்றார்கள். லுவேன் ஓட்டும் பேருந்தில் பிள்ளைகள் காகிதப் பந்தை ஜன்னலுக்கு மேலே எறிந்து அவன் பேரைச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் அதை வீட்டில் வந்து சொன்னபோது, வெர்ன் எழுந்து கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு பனியில் போய் நின்றார். இவருக்கு என்ன வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்டதற்கு, "அலுப்பு" என்றார். அது பொய்யும் இல்லை.

பிப்ரவரி முதல் வாரம் வேட் ஓய்வை அறிவித்தான். முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தான். தேசியத் தொலைக்காட்சி ஒன்றில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தானே சொன்னான். ஆகஸ்டிலிருந்து விரல் மரத்தது, யாரிடமும் சொல்லாமல் ஆடியது, கடைசிப் பந்து கையை விட்டதே தெரியாமல் போனது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஒரே ஒருத்தருக்குத் தெரியும்" என்றான். "வெர்ன் யெலினெக். பஃபலோ நிருபர். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்தார், சொல்லல. ஊரே என்னைக் கிழிச்சப்பவும் சொல்லல. அந்த மாதிரி மனுஷனை நான் பாத்ததில்ல." அவன் கண் கலங்கியிருந்தது. புகழ்வதாகத்தான் நினைத்தான்.

வெர்ன் அதை அடுக்களையில் நின்று பார்த்தார். கையில் வறுத்த ரொட்டி. லுவேன் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"என்கிட்டகூடவா?" என்றாள்.

"உன்கிட்டகூட."

அவள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். "நாளைக்கு உன் போனை அணைச்சு வச்சிரு."

மறுநாள் விளையாட்டுப் பக்க ஆசிரியை டெனீஸ் ஆக்ஸ்லி அவரைக் கூப்பிட்டு அனுப்பினாள். நாற்பத்து நாலு வயது. கண்ணுக்குக் கீழே கருவளையம். இருபது பேர் இருந்த பிரிவில் இப்போது ஆறு பேரை வைத்து மாரடிக்கிறவள். கதவைச் சாத்தினாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"செப்டம்பர் பத்தொன்பது."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே வெர்ன். வெளியிடுறதா வேண்டாமான்னு நாம சேர்ந்து முடிவு பண்ணியிருக்கலாம்."

"சொன்னா வெளியிடச் சொல்லியிருப்பே."

"ஆமா. சொல்லியிருப்பேன். நாம யாருக்கு வேலை செய்யறோம்? டில்லரிக்கா, பேப்பர் வாங்கறவங்களுக்கா?" திரையைத் திருப்பிக் காட்டினாள். "காலைலேர்ந்து இருநூறு கடிதம். பாதிப் பேர் உங்களைத் துரோகிங்கறாங்க. மீதிப் பேர் மகான்ங்கறாங்க. எனக்கு ரெண்டும் தேவையில்ல. நீங்களே ஒரு பத்தி எழுதுங்க. ஏன் எழுதலன்னு."

"தூக்கம் இல்லாம ஒரு வார்த்தை விட்டுட்டேன். அப்புறம் அதைக் காப்பாத்த வேண்டியதாப் போச்சு. இதை எழுதவா?"

டெனீஸ் நெற்றியைத் தேய்த்தாள். "அப்படியே எழுதாதீங்க."

மூன்று தடவை எழுதி அழித்தார். கடைசியில் வந்தது ஏழே வரி. "நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். கொடுக்கும் முன் யோசிக்கவில்லை. கொடுத்த பின் மீறவில்லை. இரண்டாவதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. முதலாவதைப் பற்றி இருக்கிறது. அந்த ஆட்டத்தில் பஃபலோ ஜெயித்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது." அதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை.

அந்தப் பத்தி வந்த அன்று காலை ஒன்பது மணிக்கு ரோபல் அழைத்தார். குரல் உயரவில்லை. அதுதான் வெர்னைப் பயமுறுத்தியது.

"உனக்குத் தெரியும்."

"தெரியும் ஐயா."

"தெனம் காலைல என்கிட்டப் பேசின. டில்லரி நாலுக்கு ஒண்ணு, டில்லரி மூணுக்கு ரெண்டுன்னு வாசிச்ச. அப்பவும் தெரியும்."

"ஆமா."

"எனக்கு அந்தப் பய மேல கோவம் இல்ல. அவன் ஆட்டக்காரன். காலு ஒடிஞ்சாலும் நிக்கணும்னுதான் நெனைப்பான். எங்க ஆலையிலயும் ஒருத்தன் கண்ணு மங்கிப்போனதை மறைச்சுக்கிட்டு கிரேன்ல ஏறினான். நான்தான் போய் மேஸ்திரிகிட்டச் சொன்னேன். அவன் சாகற வரைக்கும் என்கூடப் பேசல. அவன் புள்ளைங்க இப்பவும் தேவாலயத்துல மூஞ்சியைத் திருப்பிக்கும். ஆனா கீழ நின்னவன் எவனும் சாவல." பெருமூச்சு விட்டார். "ஒண்ணு அவன் பக்கம் நிக்கணும், இல்ல எங்க பக்கம் நிக்கணும். எனக்கு இன்னொரு அக்டோபர் இருக்கோ இல்லையோ. நீ அவன் பக்கம் நின்னுட்ட. சரி."

"மன்னிச்சிருங்கன்னு சொன்னா ஏத்துக்குவீங்களா?"

"மாட்டேன்" என்றார் கிழவர். யோசித்துவிட்டு, "பொய் சொல்றதைவிட இது மேல்" என்று சேர்த்துக்கொண்டார். வைத்தார். அதன் பிறகு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வரவில்லை. அவர் நன்றாகத்தான் இருக்கிறார், கடைத்தெருவில் கீல்பாசா தொத்திறைச்சி வாங்கக் காலையிலேயே வரிசையில் நிற்கிறார் என்று லுவேன் ஒருநாள் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

வெர்ன் டெனீஸிடம் போய், தன்னை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். பள்ளிக்கூட ஆட்டம், படகுப் போட்டி, எதுவானாலும் சரி. இருபத்தெட்டு வருஷம் போதும் என்றார். சொல்லும்போதே உடம்பு லேசானது.

"யாரை அனுப்பறது?" என்றாள் டெனீஸ்.

"யாரையாவது."

"யாரும் இல்ல வெர்ன். ஆறு பேர். ஒருத்தி பிரசவத்துக்குப் போயிருக்கா. உங்க விமானச் சீட்டு அடுத்த செவ்வாய்க்குப் போட்டாச்சு." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "உங்களைத் தண்டிக்கணும்னா என்ன பண்றதுன்னு மேல இருக்கறவங்க கேட்டாங்க. அனுப்பறதே தண்டனைதான்னு சொல்லிட்டேன்."

வெர்னுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. வெகு நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள், சத்தமில்லாமல். அவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினார்.

ஃப்ளோரிடாவில் எல்லாம் முன்போலத்தான் இருந்தது. புல் வெட்டிய வாசனை, வெயில், மொறுமொறுவென்று இல்லாத வேர்க்கடலை. ஆனால் ஆட்டக்காரர்கள் அவரைப் பார்த்த பார்வை மாறியிருந்தது. வெர்ன் யெலினெக்கிடம் எதையும் சொல்லலாம், வெளியே போகாது என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு பரவியிருந்தது. ஒருவன் தன் விவாகரத்தைப் பற்றி ஆரம்பித்தான். இன்னொருவன் தோள்பட்டையில் போட்டுக்கொண்ட ஊசியைப் பற்றி. முதல் வாக்கியத்திலேயே வெர்ன் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார்.

"எங்கிட்ட சொல்லாத. சொன்னா எழுதிருவேன்."

இரண்டு வாரத்தில் பேச்சு அடங்கிற்று. அவர் உடைமாற்றும் அறைக்குள் வந்தால் ஆட்கள் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். எழுதுவதற்குக் கிடைத்ததெல்லாம் எல்லாருக்கும் கிடைத்ததே. ஆனால் விடுதிக்குத் திரும்பிப் படுத்தால் ஏழு மணி நேரம் தூங்க முடிந்தது. அது பெரிய விஷயம்.

மார்ச் நடுவில் ஒரு காலை, இந்த வருஷம் புதிதாக அணிக்கு வந்த இருபத்தாறு வயதுப் பந்தெறியாளன் ஆன்ட்ரெஸ் கில்பர்ட் வேலியோரமாக நடந்துகொண்டிருந்த வெர்னிடம் ஓடி வந்தான். மூச்சிரைத்தது. சுற்றும் முற்றும் பார்த்தான்.

"சார், ஒரு விஷயம். நமக்குள்ள இருக்கட்டும்…"

"வேண்டாம்" என்றார் வெர்ன். "எதுவா இருந்தாலும் வேண்டாம். பயிற்சியாளர்கிட்டப் போய்ச் சொல்லு."

பையனின் முகம் விழுந்தது. "சரிங்க சார்" என்று திரும்பிப் போனான்.

மூன்று நாள் கழித்து, சாப்பாட்டு மேஜையில் பயிற்சியாளர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: கில்பர்ட்டின் மனைவிக்கு இரட்டைக் குழந்தை என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அவளுடைய அம்மாவுக்குத் தெரியும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கட்டளையாம். பையன் அதை வயிற்றில் வைத்துக்கொள்ள முடியாமல் மைதானம் முழுக்க அலைந்தானாம்.

வெர்ன் தட்டை வைத்துவிட்டு எழுந்து அவனைத் தேடிப் போனார். அவன் தூரத்து மூலையில் பந்து எறிந்துகொண்டிருந்தான். முட்டி வலித்தது, வெயில் ஏறியிருந்தது. அவன் எறிந்து முடிக்கும்வரை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.